வண்டி அலங்காரமும் இனப்பண்பாட்டு வாதங்களும்: நமுனுகுலச் சாரலை முன்வைத்து ஒரு நோக்கு

மலையக மக்களின் பண்பாட்டை ஆராய முற்படுவோர் காமன் கூத்து, நாட்டார் பாடல், மாரியம்மன் திருவிழா என்பவற்றையே பெரிதும் நாடுகின்றனர். நாள்தோறும் கண்முன் ஓடும் வண்டிகளை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வார் அரியர். ஆயினும் பதுளையிலிருந்து பசறைக்கும், அங்கிருந்து நமுனுகுல ஊடாகப் பண்டாரவளைக்கும் செல்லும் மலைப்பாதைகளில் ஓடும் முச்சக்கரவண்டிகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. பல நிற மின்குமிழ்கள், மினுங்கும் உலோகப் பட்டிகள், முன்கண்ணாடியின் மேல் வேலும் மயிலும், பின்புறத்தில் திரைப்பட நடிகர் ஒருவரின் முகம், அதன் அருகே பொப் மார்லி அல்லது சே குவேரா, கீழே தமிழிலோ சிங்களத்திலோ ஒரு வாசகம், உள்ளே அதிரும் ஒலிபெருக்கி என இவ்வொப்பனை விரிந்து செல்லும்.

இவ்வொப்பனை பற்றி மூவகைக் கருத்துகள் நிலவுகின்றன. தோட்டத்து மூத்தோரும் கற்றோரும் இதனைச் சினிமா மோகத்தின் விளைவு என்றும், உழைப்பின் பயனை வீணாக்கும் சீரழிவு என்றும் கண்டிப்பர். நகரத்தார் சிலர் இதனைத் ‘தோட்டத்துப் பழக்கம்’ என்று சொல்லி நகைப்பர். அந்நகைப்பில் இன இழிவும் கலந்திருக்கும். இவ்விரு சாராரையும் மறுக்க எழும் மூன்றாமவர், இது மலையகத் தமிழரின் தனிப்பண்பாடு என்றும், தேர் அலங்காரத்தின் தொடர்ச்சி என்றும் வாதிடுவர். மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுவனவாகத் தோன்றினும், நகரத்தாரின் நகைப்பும் மூன்றாமவரின் வாதமும் அடிப்படையில் ஒரே எண்ணத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒப்பனை இனத்தின் அடையாளம் என்பதே அவ்வெண்ணம்.

இவ்வெண்ணம் உண்மைக்குப் பொருந்துவதன்று. இலங்கையில் பதிவுபெற்ற முச்சக்கரவண்டிகள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூவினத்தாரும் ஒரே கடைகளிலேயே அலங்காரப் பொருள்களை வாங்குகின்றனர். தூரப் பயணத் தனியார் பேருந்துகளின் ஒப்பனையோ முச்சக்கரவண்டிகளையும் விஞ்சுவது. பாகிஸ்தானின் லொறிகளும் மணிலாவின் ஜீப்னிகளும் இவ்வழியில் உலகப் புகழ் பெற்றவை. தேர் வாதமும் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. தேர் ஊரார் அனைவரும் வடம்பிடிப்பது. முச்சக்கரவண்டி ஒருவனது பிழைப்புக்குரியது. அலங்கரிக்கும் கைத்திறன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றிருக்கலாம். அதனைக் கொண்டு இரண்டின் பொருளும் ஒன்றெனக் கூறுதல் இயலாது.

அவ்வாறாயின் இதில் இனத்துக்கு இடமே இல்லையா? உண்டு. ஆனால் அது ஒப்பனையில் அன்று, ஒப்பனையை மதிப்பிடுவோரின் பார்வையிலேயே பெரிதும் உறைகின்றது. இந்நாட்டில் வண்டியின் மேல் எழுதப்படும் எழுத்து இனச்சிக்கலாக உருவெடுத்தமைக்கு வரலாற்றுச் சான்று உள்ளது. 1957ஆம் ஆண்டு முதல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து புகுத்தப்பட்டது. 1958இல் அவ்வெழுத்தைத் தாங்கிய அரச பேருந்துகள் வடக்கே அனுப்பப்பட்டபோது எதிர்ப்பு வலுத்தது. தார் பூசி அவ்வெழுத்து அழிக்கப்பட்டது. அதற்கு எதிர்வினையாகத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டன. கிளர்ச்சி மலையகத்தையும் எட்டியது. பொகவந்தலாவையில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர் இருவர் உயிர் நீத்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டது.

இப்பின்னணியிலேயே தமிழ் ஓட்டுநர் தம் வண்டியிற் சிங்கள வாசகம் பொறிப்பதை நோக்குதல் வேண்டும். சிலர் இதனைத் தன்மான இழப்பு என்பர். வேறு சிலர் இன ஒற்றுமை எனப் போற்றுவர். இரு தீர்ப்புகளும் அவசரமானவை. அன்று அரசு எழுத்தைத் திணித்தது. இன்று உரிமையாளன் அதனைத் தேர்கின்றான். எனினும் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களைத் தாங்கிய ஒரு மக்கட்கூட்டத்தில் தெரிவு என்பது முற்றிலும் கட்டற்றதாக இருத்தல் இயலாது. பதுளை நகரிற் பயணியை எதிர்பார்த்து நிற்பவனுக்கு அவ்வாசகம் விருப்பமா, வணிக உத்தியா, தற்காப்பா என்பது வண்டிதோறும் தனித்தனியே கேட்கப்பட வேண்டிய வினாவாகும்.

பிறநாட்டு அனுபவம் ஒன்று ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெக்சிக்க வழிவந்த இளைஞர், பழைய கார்களின் உடலைத் தாழ்த்தி, பளபளக்கும் வண்ணம் பூசி, மெதுவாக ஊர்வலம் செல்வதை வழக்கமாகக் கொண்டனர். வண்டியின் எப்பகுதியும் சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கலாகாது என்னும் விதி அங்கே 1958இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மறுமொழியாக, நீரியல் அமுக்கத்தால் வண்டியை வேண்டியபோது உயர்த்தவும் தாழ்த்தவும் வல்ல அமைப்பினை ரொன் அகிர்ரே என்பவர் 1959இல் தம் காரிற் பொருத்தினார். வெள்ளை இளைஞர் தம் கார்களை மாற்றியமைத்தபோது அது பொறியியல் ஆர்வம் எனப்பட்டது; மெக்சிக்கரும் கறுப்பினத்தவரும் செய்தபோது அது பகட்டு எனவும் குற்றக்கும்பலின் அடையாளம் எனவும் பழிக்கப்பட்டது. தடைகளை நீக்கும் சட்டம் 2023இல்தான் கலிபோர்னியாவில் நிறைவேறியது.

இத்தகைய இரட்டை அளவுகோல் இங்கும் இல்லாமலில்லை. கொழும்பிலிருந்து எல்லைக்கு உல்லாசப் பயணம் வருபவரின் ஜீப்பிற் பொருத்தப்பட்ட பெரிய ரயர்களும் மேலதிக விளக்குகளும் பொழுதுபோக்காகக் கொள்ளப்படுகின்றன. தோட்டத்து இளைஞனின் மின்குமிழ்களோ ஆடம்பரம் ஆகின்றன. இரண்டையும் ஒரே கண்கொண்டு நோக்குவோர் சிலரே.

இவ்விடத்தில் வண்டியின் பொருளியற் பொருளை உணர்தல் இன்றியமையாதது. தோட்டத் தொழிலாளர் பரம்பரை பரம்பரையாகக் குடியிருக்கும் லயன் அறை அவர்களுக்குச் சொந்தமன்று. அதன் சுவரில் ஆணி அடிப்பதற்கும் நிர்வாகத்தின் முகம் பார்த்த காலம் இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இம்மக்களின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே முடிவை எட்டியது. இத்தகைய சூழலில், தன் பெயரிற் பதிந்து, தன் விருப்பப்படி நிறந்தீட்டக்கூடிய முதற் பொருளாக முச்சக்கரவண்டி ஒருவனுக்கு அமைதல் கூடும். வீட்டுச் சுவரில் எழுத முடியாதவன் வண்டியில் எழுதுகின்றான். இதனை வெறும் சினிமா மோகமாகச் சுருக்குவது விமரிசனம் ஆகாது.

ஆயினும் ஒப்பனையைக் குறையின்றிப் புகழ்வோரும் உண்மையின் மறுபுறத்தை மறைக்கின்றனர். லீசிங் தவணை முடியும் வரை வண்டி முழுமையாக அவனுடையதன்று. தவணை தவறின் அலங்காரத்துடனேயே அது பறித்துச் செல்லப்படும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் நெடும் போராட்டத்தின் பின்னரே 1,000 ரூபாவை எட்டியது. அச்சம்பளத்திற் பெரும்பகுதியை ஈட்டுவோர் கொழுந்து பறிக்கும் பெண்கள். மகனின் மின்குமிழ்களுக்குத் தாயின் கூடை விலை கொடுக்குமாயின், அதனையும் பண்பாட்டுக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். உரிமையின் சின்னம் எனப் போற்றப்படும் இவ்வண்டிகளின் ஒப்பனையிற் பெண்கள் நடிகையராகவும் தெய்வங்களாகவும் தோன்றுகின்றனரேயன்றி, உழைப்போராகத் தோன்றுதல் அரிது.

பாதுகாப்புப் பற்றிய வினாவைத் தனியே பிரித்து நோக்குதல் நன்று. 2025 சனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டம் தொடங்கிய வேளை, பேருந்துகளிலும் முச்சக்கரவண்டிகளிலும் பொருத்தப்பட்ட மேலதிகப் பொருள்களை அகற்றப் பொலிசார் முற்பட்டனர். ஓட்டுநரும் உரிமையாளரும் அதனை எதிர்த்தனர். மூடுபனி கவியும் மலைப்பாதையில் எதிர்வருவோரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும், பார்வையை மறைக்கும் ஒட்டுப்படமும் ஆபத்தானவை. அவற்றை அகற்றுமாறு கோருவதில் இனப்பாகுபாடு இல்லை. அதனைப் பண்பாட்டின் பெயரால் எதிர்ப்பது பொறுப்பற்ற செயல். ஆனால் எவர் கண்ணையும் மறைக்காத மயிலும், எவர் வழியையும் தடுக்காத வாசகமும் ‘அழகற்றவை’ என்பதற்காக அகற்றப்படுமாயின், அங்கே பாதுகாப்பு என்னும் சொல் ஒரு வகுப்பாரின் சுவைக்குத் திரையாகின்றது. எவ்விளக்கு எவர் கண்ணைக் கூசவைக்கின்றது என்பது அளந்தறியக்கூடியது. எது அழகு என்பது அவ்வாறன்று. இவ்வேறுபாட்டைக் கைவிடும் சட்டம் நீதியையும் கைவிடும்.

1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கியத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தைத் தமிழ் மாணவர் அறிவர். உழைக்கும் மக்களின் பேச்சுமொழி இலக்கியத்துள் நுழைந்தபோது ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் வெகுண்டனர். மலையக நாட்டார் பாடல்களும் ஒருகாலத்திற் கற்றோரின் செவிக்கு எட்டாதவையாகவே இருந்தன; பின்னர் அவையே தொகுத்துப் பேணப்பட்டன. வண்டி அலங்காரம் அனைத்தும் கலை என்பது இதன் கருத்தன்று. இகழ்வதற்கு முன்னும் புகழ்வதற்கு முன்னும் படித்தறிய வேண்டிய ஏடு அது என்பதே கருத்து. வண்டி விற்கப்பட்டால் வாசகமும் அழிந்துபோகும். நமுனுகுலச் சாரலில் ஓடும் வண்டிகளின் வாசகங்களையும் படங்களையும், அவற்றைப் பொறித்தோர் கூறும் காரணங்களையும், தவணை செலுத்துவோரின் கணக்கையும் ஒருங்கே பதிவு செய்தல் பல்கலைக்கழக மாணவர்க்கு உரிய பணி. இனம், பண்பாடு என்னும் பெருஞ்சொற்களைக் கொண்டு வாதிடுவோர் அப்பதிவின் முன் தம் தீர்ப்புகளை மீளச் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.