நியூட்ரினோவுக்கு அஞ்ச வேண்டுமா?

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் அமைவதாக இருந்த நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தைப் பற்றி மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். அது கதிர்வீச்சைக் கக்கும் என்பார்கள். ஆபத்து இல்லையென்றால் அதை ஏன் மலைக்கு அடியில் கொண்டுபோய் வைக்கவேண்டும் என்றும் கேட்பார்கள். முதலாவது தவறு. இரண்டாவது நல்ல கேள்வி. ஆனால் திட்டத்தை எதிர்த்து வந்த துண்டறிக்கைகள் அதற்கு விடை தேடவில்லை. ஆதரித்து எழுதியவர்களோ அந்தக் கேள்வியோடு தங்கள் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். இரு சாராரிடமும் எனக்குக் குறை உண்டு.

முதலில் துகளைப் பார்ப்போம். நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை. நிறை மிக மிகக் குறைவு. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களில் ஏறத்தாழ 6,500 கோடி, ஒவ்வொரு வினாடியும் உங்கள் கட்டைவிரல் நகம் அளவுள்ள பரப்பைக் கடந்து செல்கின்றன. இரவிலும் வருகின்றன, பூமியைத் துளைத்துக் கொண்டு காலடியிலிருந்து மேலே போகின்றன. அது மட்டுமா? நம் உடலிலுள்ள பொட்டாசியத்தில் ஒரு சிறு பகுதி இயற்கையாகவே கதிரியக்கம் உடையது. அதன் சிதைவால் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 30 கோடிக்கும் மேற்பட்ட நியூட்ரினோக்களை (எதிர்த்துகள்களையும் சேர்த்து) வெளிவிடுகிறோம். இந்தக் கணக்கில் ஆய்வுக்கூடத்தைவிட அதன் வாயிலில் நிற்கும் காவலாளியே பெரிய ஊற்று! ஏனெனில் பொட்டிபுரத்தில் நியூட்ரினோவை உண்டாக்கும் கருவி எதுவும் திட்டத்தில் இல்லை. 50,000 டன் காந்தமேற்றிய இரும்புத் தகடுகளை அடுக்கி, இடையிடையே உணர்கருவிகளை வைத்து, வானிலிருந்து வருபவற்றில் எப்போதோ ஒன்று மோதுவதைக் காத்திருந்து பார்ப்பதுதான் திட்டம்.

பின் ஏன் மலைக்கு அடியில்? அண்டக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது மியூயான் என்னும் துகள்கள் உண்டாகின்றன. உங்கள் உள்ளங்கையை விரித்து வைத்தால் வினாடிக்கு ஒன்றாவது அதைத் துளைத்துச் செல்லும். இந்த இரைச்சலில் நியூட்ரினோவின் அரிய மோதலைக் கண்டுபிடிக்க முடியாது. தலைக்குமேல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை இருந்தால் மியூயான்கள் பல லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆக, குகை என்பது கருவியிடமிருந்து மக்களைக் காக்க அன்று. வானத்திடமிருந்து கருவியைக் காக்க. கோலார் தங்கச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, 1965-இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் காற்று மண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த குழுக்களில் ஒன்றாக இருந்ததும் இதே முறையில்தான்.

‘சரி, அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ செயற்கைக் கற்றையை இங்கே அனுப்பினால்?’ என்று கேட்கிறார்கள். இதை வெறும் கட்டுக்கதை என்று தள்ள முடியாது. திட்டத்தின் தொடக்கக்கால அறிக்கைகளில், தொலைவிலுள்ள நியூட்ரினோ ஆலையின் கற்றையைப் பிற்காலத்தில் பிடிக்கலாம் என்ற யோசனை இருந்தது. பின்னர் ‘கற்றை ஏதும் வராது’ என்று சொன்னவர்கள், முன்பு எழுதியதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் சந்தேகம் இவ்வளவு வளர்ந்திராது. ஆனால் வந்தால்தான் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜெனீவாவின் செர்ன் நிலையத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு 732 கிலோமீட்டர் தூரம் நிலத்தின் வழியே நியூட்ரினோக் கற்றையை அனுப்பினார்கள். அங்கே 1,250 டன் எடையுள்ள இலக்கில், 2008 முதல் 2012 வரை பதிவான மோதல்கள் ஏறத்தாழ 20,000. அந்த இலக்கின் இடத்தில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஐந்தாண்டும் இரவு பகலாக நின்றிருந்தால் அவர் உடலில் நேர்ந்திருக்கக்கூடிய மோதல் ஒன்றே ஒன்று. அதே கற்றை 7,000 கிலோமீட்டர் வந்தால் விரிந்து, தூரத்தின் இருமடியில் மெலிந்து, நூறில் ஒரு பங்காகும்.

2008 செப்டம்பரில் செர்ன் நிலையத்தின் பெரிய மோதுபொறி இயங்கத் தொடங்கியபோது உலகம் அழியும் என்று நம் தொலைக்காட்சிகள் சில அலறியதும் இவ்வகைதான். அந்தப் பொறியின் மோதல்களைவிட வலிய மோதல்கள் அண்டக் கதிர்களால் பூமியின் மேல் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடந்து வருகின்றன, பூமி இருக்கிறது.

இனி மறுபக்கம். கதிர்வீச்சு இல்லை என்று நிரூபித்துவிட்டால் உழவருக்கு வேறு கேள்வியே இருக்காதா? நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் கல் குவாரிக்கு அருகே குடியிருப்பவரிடம் போய், பாறையில் கதிரியக்கம் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். வெடி வைக்கும்போது சுவர் அதிர்வதையும், கிரஷர் தூசி சோற்றில் விழுவதையும், கிணற்று நீர் இறங்குவதையும்தான் அவர் பேசுவார். பொட்டிபுரத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கமும், முடிவில் பெருங்குகையும் குடைய வேண்டும். வெளிவரும் கல் லட்சக்கணக்கான டன். அதை எங்கே குவிப்பது, எந்தச் சாலையில் ஏற்றுவது, மேய்ச்சல் நிலம் என்னவாகும்? இவை இயற்பியல் நூலில் விடை இல்லாத கேள்விகள்.

வாயுவையும் மறக்கக்கூடாது. உணர்கருவிகளில் நிரப்பத் திட்டமிட்ட வாயுக் கலவையின் பெரும்பகுதி குளிர்சாதனங்களில் பயன்படும் ஒரு ஃபுளோரின் சேர்மம். புவி வெப்பமேற்றத்தில் கரியமில வாயுவைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. மூடிய சுற்றில் ஓடவிடுவோம் என்றார்கள். கசிவு எவ்வளவு என்பதே கேட்கவேண்டிய கேள்வி. கிரான் சாஸோவில் 2002-இல் நியூட்ரினோ யாருக்கும் தீங்கு செய்யவில்லை. கருவிக்கான கரிமத் திரவம் கொஞ்சம் சிந்தி ஓடையில் கலந்தது. அதனால் அந்த ஆய்வுக்கூடத்தின் பணிகள் நெடுநாள் முடங்கின. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டேயில் 2001-இல் ஒரு கண்ணாடிக் குழாய் நொறுங்க, நீரில் எழுந்த அதிர்வலையால் ஆயிரக்கணக்கான குழாய்கள் அடுத்தடுத்து நொறுங்கின. விபத்துகள் இப்படித்தான் வருகின்றன: பொருளால், நீரால், அழுத்தத்தால்.

நம் ஊர் மேடைகளில், 2017 நெடுவாசல் போராட்டத்திற்குப் பிறகு, ஹைட்ரோகார்பனையும் நியூட்ரினோவையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாயிற்று. ஒன்று வயலுக்கு அடியிலிருந்து எண்ணெயும் வாயுவும் எடுப்பது. மற்றது மலைக்குள் இரும்பை அடுக்கிக் காத்திருப்பது. இரண்டுக்கும் ஒரே முழக்கம் போதும் என்றால் இரண்டையும் பற்றிக் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விடுவோம்.

உண்மையில் இத்திட்டம் தடுக்கப்பட்டது கதிர்வீச்சு என்னும் வாதத்தால் அன்று. முதலில் தேர்ந்த நீலகிரி சிங்காராவுக்கு 2009-இல் அனுமதி மறுக்கப்பட்டது, முதுமலைப் புலிகள் காப்பகத்தின் அண்மையால். பொட்டிபுரத்துக்குக் கிடைத்த சுற்றுச்சூழல் அனுமதியைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நிறுத்திவைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதும், தாக்க அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்குரிய அங்கீகாரம் இல்லாததும் காரணங்கள். 2018-இல் மத்திய அரசு மீண்டும் அனுமதி தந்தது. வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது. 2022-இல் தமிழ்நாடு அரசு, புலிகள் நடமாடும் பாதை அது என்று கூறி, உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. மலை, காடு, விலங்கு, காகிதத்தில் விட்ட குறை: இவைதான் எடுபட்டன. இதற்கிடையே, பொட்டிபுரத்தில் காண நினைத்த நியூட்ரினோ நிறைகளின் வரிசையைத் தேடி, சீனாவின் ஜூனோ ஆய்வுக்கூடம் 2025-இல் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது.