ஓருயிர்க்குப் பல பெயர்: பூஞ்சைப் பெயரீட்டு நெறி குறித்து ஒரு திறனாய்வு

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என நன்னூலார் பகுத்துரைத்தார். உயிரியலார் வழங்கும் இலத்தீன் பெயர்களை இப்பாகுபாட்டில் எங்கு வைப்பது என்னும் வினா எளியது போலத் தோன்றினும் எளியதன்று. பெயர்கள் பெரும்பாலும் காரணம் பற்றியே இடப்படுகின்றன. ஆயின், பெயரின் பணி உயிரின் இயல்பையோ வரலாற்றையோ உணர்த்துவதன்று, அதனைச் சுட்டுவதும் அதன் தரநிலையைக் காட்டுவதுமே என்று பன்னாட்டுப் பெயரீட்டு விதித்தொகுப்பின் முகவுரை கூறுகின்றது. காரணத்தால் பிறந்த பெயர் பிறந்த அன்றே இடுகுறியாகிவிட வேண்டும் என்பது இதன் கருத்து. இக்கொள்கை பிற உயிர்களிடத்து ஓரளவு செம்மையாக நடந்துவந்துள்ளது. பூஞ்சைகளிடத்து அவ்வாறு நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதையும், அதனால் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கு விளைந்த இடர் யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

பூஞ்சைகளுள் பல, வாழ்க்கைச் சுழற்சியில் இருவேறு வடிவங்களை மேற்கொள்வன. பாலினப் பெருக்கத்தின்போது ஒரு வடிவம். பாலிலாப் பெருக்கத்தின்போது வேறொரு வடிவம். இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில், சில வேளை வெவ்வேறு நாட்டில் கண்டெடுக்கப்படும். இவை ஓருயிரின் இரு கோலங்கள் என்பதைத் துலாசன் உடன்பிறந்தார் 1861 முதல் 1865 வரை வெளியிட்ட நூலில் வரைபடங்களுடன் நிறுவினர். அதற்குள் இரு கோலங்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் வேரூன்றிவிட்டன. 1910இல் பிரசல்சில் கூடிய மாநாடு இந்நிலையைக் களையாமல் விதியாகவே ஆக்கியது. பாலினக் கோலத்தின் பெயரே முழு உயிர்க்கும் உரிய பெயர்; பாலிலாக் கோலத்தின் பெயர் அக்கோலத்திற்கு மட்டும் உரியது என்பது அவ்விதி. பிற்காலத் தொகுப்புகளில் 59ஆம் விதி என வழங்கிய இதுவே நூறாண்டுக் காலம் பூஞ்சையியலாரை ஆட்டிவைத்தது.

பாலினக் கோலம் காணப்படாத பூஞ்சைகளை எல்லாம் தொகுத்து 'நிறைவுறாப் பூஞ்சைகள்' என்றொரு வகுப்பும் வைத்தனர். 1882 முதல் பெருந்தொகுதிகளாகப் பூஞ்சைப் பெயர்களைத் திரட்டிய சக்கார்தோ, இவற்றை வித்துகளின் நிறம், வடிவம், தடுப்புச்சுவர் ஆகியன கொண்டு அடுக்கினார். நூல்களைப் பொருளால் அன்றி அட்டையின் நிறத்தாலும் அளவாலும் அடுக்கிய நூலகரின் செயலை ஒத்தது இது. தேடுவோர்க்கு அது பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் 'நிறைவுறா' என்னும் அடை யாரைச் சாரும்? அவ்வுயிர்கள் குறையின்றி வாழ்ந்தன. குறை நம் அறிவினது. அறியாமையை உயிரின் பண்பாக ஏற்றிக் கூறிய இப்பெயர், பெயரீட்டு வரலாற்றில் மிகப் பெரும் பிழைகளுள் ஒன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இவ்விதி விளைத்த குழப்பத்தைக் காட்ட நெல்லைத் தாக்கும் இரு பூஞ்சைகளே போதும்.

முதலாவது, தண்டழுகல் நோயை விளைப்பது. 1876இல் கட்டானியோ இதன் கரிய கடினமணிகளைக் கண்டு ஸ்கிளிரோஷியம் ஒரைசே எனப் பெயரிட்டார். 1889இல் கவாரா இதன் வளைந்த பாலிலா வித்துகளைக் கண்டு ஹெல்மின்தோஸ்போரியம் சிக்மாய்டியம் என்றார். பாலினக் கோலம் லெப்டோஸ்பேரியா என்றொரு பேரினத்தில் இடம்பெற்று, 1972இல் அதற்கெனவே அமைக்கப்பட்ட மேக்னபோர்த்தே என்னும் பேரினத்திற்கு மாறியது. இதற்கிடையே 1956இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சி. வி. சுப்பிரமணியன் (1924–2016) இதன் வித்துக் கோலத்திற்கு வக்ரபீஜா என்னும் பேரினத்தைப் படைத்தார். வக்கிரம் என்பது வளைவு. பீஜம் என்பது வித்து. துவயபீஜா, பகுசூத்திரபீஜா என அவர் படைப்பில் வேறு பெயர்களும் உள. கிரேக்கமும் இலத்தீனுமே ஆளும் அவையில் இந்திய மொழிச் சொற்கள் இலத்தீன் உடையில் நுழைந்தமை மொழியியலார் தனியே ஆராயத்தக்க செய்தியாகும். வக்ரபீஜா நல்ல காரணப்பெயர். வித்தைப் பார்த்தவர் மறவார். எனினும் 1939இலேயே ஜப்பானியரான ஹரா நகடேயா என்று ஒரு பெயரை இதே கோலத்திற்கு இட்டிருந்தமையால் முந்துமை நெறிப்படி வக்ரபீஜா துணைப்பெயராக ஒதுங்கியது. பொருத்தத்தினும் முந்துமையே மேல் என்னும் கொள்கையின் கடுமையை இவ்விடத்தில் காணலாம்.

இரண்டாவது, குலைநோயை விளைக்கும் பூஞ்சை. 1919இல் தஞ்சைக் கழிமுகப் பகுதியில் பேரழிவை உண்டாக்கிய நோய் இது. கவாரா இட்ட பைரிகுலேரியா ஒரைசே என்னும் பெயரே வேளாண் நூல்களில் நெடுங்காலம் வழங்கியது. 1970களில் ஆய்வகத்தில் இதன் உறவினப் பூஞ்சையின் பாலினக் கோலம் பெறப்பட்டது. 1977இல் அது மேக்னபோர்த்தே கிரீசியா எனப்பட்டது. 59ஆம் விதிப்படி அதுவே முழு உயிரின் பெயராயிற்று. 2002இல் நெல்லைத் தாக்குவது தனிச் சிற்றினம் எனப் பிரித்து மேக்னபோர்த்தே ஒரைசே என்றனர். ஆயினும் 2005இல் இதன் மரபணுத்தொகை வெளியிடப்பட்டபோது கட்டுரையின் தலைப்பில் நின்றது கிரீசியா என்னும் பழம்பெயரே. வயலில் நின்ற உழவர்க்கு அது அன்றும் குலைநோய், இன்றும் குலைநோய்.

2011 ஏப்பிரலில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பூஞ்சையியலார் 'ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர்' என்று முழங்கினர். அவ்வாண்டு ஜூலையில் மெல்போர்ன் மாநாடு இரட்டைப் பெயரீட்டை நீக்கியது. விதித்தொகுப்பின் தலைப்பில் 'பூஞ்சை' என்னும் சொல் இடம்பெற்றதும், இலத்தீனில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் இயல்புரை எழுதலாம் என இசைந்ததும் அம்மாநாட்டில்தான். 2013 முதல் புதிய பூஞ்சைப் பெயர் ஒவ்வொன்றும் ஏற்புடைய பதிவகத்தில் பதியப்பெறல் வேண்டும்.

இம்முடிவு சரியானதே. ஆயின் எப்பெயரை வைத்து எப்பெயரைத் தள்ளுவது என்பதில் வழக்குகள் எழுந்தன. மேக்னபோர்த்தே என்னும் பேரினம் தண்டழுகல் பூஞ்சையை அடிப்படையாகக் கொண்டு அமைந்தது. மரபணுச் சான்றுகளின்படி குலைநோய்ப் பூஞ்சை அதனோடு ஒரே பேரினத்தில் நிற்கவியலாது. எனவே மேக்னபோர்த்தே தண்டழுகல் பூஞ்சையோடு சென்று, மூத்த பெயராகிய நகடேயாவில் அடங்கியது. 2013இல் அப்பூஞ்சை நகடேயா ஒரைசே ஆயிற்று. குலைநோய்ப் பூஞ்சை பைரிகுலேரியாவுக்கே மீண்டது. 2016இல் துறையறிஞர் குழுவும் இதனையே பரிந்துரைத்தது. மேக்னபோர்த்தே என்று பல்லாண்டு எழுதிப் பழகிய மூலக்கூற்று ஆய்வாளர் பலர் இதனை ஏற்க மனமின்றி, இரு பெயரையும் சேர்த்தெழுதும் வழக்கைக் கைக்கொண்டனர். இரட்டைப் பெயர் விதியிலிருந்து நீங்கி வழக்கில் தங்கிவிட்டது எனலாம்.

ஒருகால் வழங்கிய பெயர் பிற சொற்களுக்குத் தாயாகிவிட்டால் அதனை நீக்குவது எவ்வாறு? நெல்நாற்றுகளை ஒல்லியாய் நெடிது வளரச்செய்யும் பூஞ்சையின் பாலினக் கோலம் ஜிப்பெரெல்லா எனப்பட்டது. அதிலிருந்து பெற்ற வளர்ச்சிப் பொருளுக்கு 1935இல் யபுதா ஜிப்பெரெல்லின் எனப் பெயரிட்டார். பூஞ்சை இன்று பியூசேரியம் என்றே வழங்குகின்றது. தாய்ப்பெயர் மறைந்தும் சேய்ப்பெயர் நின்று நிலவுகின்றது. அதனை மாற்ற வேண்டுவார் எவருமிலர்.

இனித் தமிழுக்கு வருவோம். பூஞ்சை, பூசணம், பூஞ்சணம், காளான், நாய்க்குடை எனச் சொற்கள் பல நம்மிடம் உண்டு. புறநானூற்றின் 164ஆம் பாடலில் சமையலை மறந்த அடுப்பில் தோன்றுவதாக ஆம்பி பேசப்படுகின்றது. வறுமையின் அடையாளமாக ஒரு பூஞ்சை நின்ற இடம் அது. பூசணம் 'பூத்தது' என்றே இன்றும் கூறுகின்றோம். இச்சொற்களுள் காளான் கண்ணுக்குப் புலனாகும் குடைவடிவுக்கும், பூசணம் படர்ந்த படலத்திற்கும் பொருந்துவன. வகைப்பாட்டிற்குரிய பொதுச்சொல்லாகப் பூஞ்சை என்பது பாடநூல்களில் நிலைபெற்றது, அது தக்கதே.

இடர் எழுவது வேறிடத்தில். 1969இல் விட்டேக்கர் பூஞ்சைகளைத் தாவரத்தினின்று பிரித்துத் தனி உலகமாக்கினார். பூஞ்சைகள் தாவரங்களினும் விலங்குகளுக்கே நெருங்கிய உறவுடையன என்பதை 1993 முதல் மூலக்கூற்றுச் சான்றுகள் காட்டின. முன்னர்ப் பூஞ்சை எனப்பட்ட ஊமைசீட்டுகள், செல்சுவரில் கைட்டினைவிடச் செல்லுலோசே மிகுந்தவை. பழுப்புப் பாசிகளுக்கு உறவினம். ஆயின் நம் கலைச்சொற்கள் பழைய வகைப்பாட்டைச் சுமந்தே நடக்கின்றன. சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் என்னும் இரு சொற்களை நோக்குக. முன்னது மெய்ப்பூஞ்சையால் வருவது. பின்னது ஊமைசீட்டால் வருவது. இலையின் மேலோ கீழோ எனத் தோற்றம் பற்றி அமைந்த இச்சொற்கள் இரண்டையும் ஒரே குடும்பம்போல் காட்டுகின்றன. கந்தகம் சாம்பல் நோயைத் தடுக்கும், அடிச்சாம்பலைத் தடுக்காது. மெட்டாலாக்சில் அடிச்சாம்பலுக்கு மருந்து. சாம்பல் நோயிடம் அது செல்லாது. இரண்டையும் பூசணக்கொல்லி என்றே எழுதுகின்றோம். கம்பு விதைக்கும் உழவரும் பந்தற்காய் பயிரிடுவோரும் சொல்லை நம்பி மருந்து வாங்கினால் பொருளும் பயிரும் ஒருங்கே போகும். பெயர் வெறும் இடுகுறியே என்னும் விதித்தொகுப்பின் கூற்று இங்கு உடைபடுகின்றது. சொல் தன் காரணத்தை மறப்பதில்லை, கேட்போரும் மறப்பதில்லை.

அடிச்சாம்பல் என்னும் வழக்குச்சொல்லை மாற்ற வேண்டுவதில்லை. மாற்றினால் எவரும் பின்பற்றார். மாற வேண்டியது கலைச்சொல் அகராதியின் பதிவுமுறை. இலத்தீன் பெயரைத் தமிழ் வரிவடிவில் தந்து நின்றுவிடாமல், வழக்குப்பெயர், இன்றைய அறிவியற்பெயர், பழைய பெயர்கள் அவை வழங்கிய ஆண்டுகளுடன், மெய்ப்பூஞ்சையா அன்றா என்னும் குறிப்பு ஆகிய நான்கும் ஒவ்வொரு பதிவிலும் அமைதல் வேண்டும். குலைநோய் என்னும் தலைச்சொல்லின்கீழ்ப் பைரிகுலேரியா ஒரைசே முதலில் நிற்க, மேக்னபோர்த்தே கிரீசியா 1977 முதலும் மேக்னபோர்த்தே ஒரைசே 2002 முதலும் வழங்கியமை அடுத்துக் குறிக்கப்படலாம். தண்டழுகலின்கீழ் நகடேயாவை அடுத்து வக்ரபீஜாவும் ஒரு வரி பெறும்.