தட்டில் எழுதிய பழமொழி

ருஷ்யாவில் 1744-ஆம் ஆண்டு அரண்மனைக்கென நிறுவப்பெற்ற பீங்கான் தொழிற்சாலை, 1917-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பொதுவுடைமை அரசின் வசமாயிற்று. ஜார் மன்னனின் முத்திரையோடு எஞ்சிக் கிடந்த வெள்ளைத் தட்டுகளில், அம்முத்திரையை மறைத்துவிட்டுப் புதுச் சித்திரங்களைத் தீட்டினர். அவற்றுள் மிகயில் அதமோவிச் 1921-இல் வரைந்த தட்டு பெயர்பெற்றது. அதில் லெனின் உருவமும் உணவுப் பங்கீட்டுச் சீட்டுகளும் காண்கிறோம். விளிம்பைச் சுற்றி, உழையாதவன் உண்ணலாகாது என்னும் முதுமொழி ஓடுகிறது. கிறிஸ்துவ வேதத்தில் பிறந்து, ஜனங்களின் வாய்மொழியாகி, 1918-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலும் ஏறிய வாக்கு அது.

எழுத்துகளையே அணிகலனாக்கிய சித்திரக்காரரின் திறமையை நாம் மெச்சுகிறோம். ஆயினும் அக்காலத்திலேதான் வால்கா நதிப் பிரதேசத்தில், ஏர் பிடித்து உழைத்த குடியானவர்கள் லட்சக்கணக்கில் பஞ்சத்தால் மடிந்தனர். இத்தகைய தட்டுகளோ உணவு ஏந்தவில்லை. பல அயல்நாடுகளுக்கு விலையாகி, செல்வர் வீட்டுக் கண்ணாடிப் பேழைகளை அடைந்தன.

உழையாதவனுக்கு உணவை மறுக்கும் அம்முதுமொழி, உழைத்தவனுக்கு உணவு உண்டென்று உறுதி கூறவில்லை. அம்மறுபாதியன்றோ நீதியின் உயிர்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பர் நம்மவர். தட்டில் தீட்டிய நீதியும், அதில் உணவு விழும் வரையில், அத்தகையதே என்போம்.