தேயிலைப் பொட்டலத்தில் ஒரு தவளை

என் சமையலறைத் தேயிலைப் பொட்டலத்தின் ஓரத்தில் பச்சைத் தவளை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் அமைப்பின் முத்திரை அது. காட்டையும் உழைப்பவரையும் கெடுக்காமல் விளைந்த இலை என்று சொல்ல வருகிறது. நடுவில், கூடை சுமந்த ஒரு பெண் சிரிக்கிறாள். இந்த முத்திரையை ஒரு நிறுவனம் ஏன் விரும்பி வாங்குகிறது?

சட்டம் கேட்காததால் இதைத் தன்னார்வச் சான்று என்கிறார்கள். யாருடைய ஆர்வம்? சான்று பெற்ற தோட்டங்களிலிருந்தே தன் தேயிலையை வாங்கப்போவதாக 2007இல் யூனிலீவர் அறிவித்தது. அவ்வளவு பெரிய கொள்முதல்காரர் கேட்டால், தோட்ட முதலாளிக்கு அது விருப்பமல்ல, நிபந்தனை. வாங்குகிறவருக்கோ வேறு கணக்கு: கடையில் நற்பெயர் கிடைக்கும், கடுமையான சட்டம் வருவதற்குள் 'நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லிவிடலாம். இந்தக் கணக்கில் கொழுந்து பறிப்பவளின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை.

சான்றால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். கொடிய பூச்சிமருந்துகளைத் தடுப்பது பெண்ணுடலையும் காக்கிறது. ஆனால் தணிக்கைக்குக் கட்டணம் கொடுப்பது சான்று கேட்கும் தரப்புதான். 2015 செப்டம்பரில் அஸ்ஸாம் தோட்டங்களின் சிதைந்த வீடுகளையும் பாழான கழிப்பறைகளையும் பிபிசி வெளிக்கொண்டுவந்தது. சான்று பெற்ற தோட்டங்களும் அவற்றில் இருந்தன. தணிக்கை முறையில் குறை இருப்பதை ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸே ஒப்புக்கொண்டது.

கழிப்பறை புதிய கோரிக்கையா? பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகமும் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. கடமையை நல்லெண்ணமாக்கி விற்கும் இந்தச் சாமர்த்தியம் நமக்குப் பழகியதுதான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவும் ஆணை, 'மனைவிக்கு எவ்வளவு உதவுகிறார்' என்று வீட்டில் மெச்சுவதில்லையா?

அதே செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 விழுக்காடு போனஸ் வேண்டும். 232 ரூபாய் நாட்கூலி 500 ஆக வேண்டும். ஆண்கள் நடத்திய சங்கங்களை ஒதுக்கிவிட்டு, பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தாங்களே பேசினார்கள். போனஸ் கிடைத்தது, கூலி பின்னர் 301 ரூபாய் ஆனது. தோட்டத்தில் என்ன குறை என்று சொல்ல அவர்கள் எந்தத் தணிக்கையாளருக்காகவும் காத்திருக்கவில்லை.

முத்திரையைக் கிழித்தெறிய நான் சொல்லவில்லை. தணிக்கைக்கு வருபவர் கங்காணியின் காதுக்கு எட்டாத இடத்தில் பெண்களிடம் பேசட்டும். அறிக்கையை அவர்கள் மொழியில் லயத்துச் சுவரில் ஒட்டட்டும். அவர்கள் 'பொய்' என்றால் சான்று நிற்கட்டும். அதுவரை, பொட்டலத்தில் சிரிப்பவளை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.