எந்தக் கணக்கிலும் வராதவர்கள்

2000ஆம் ஆண்டு ஜூலை 30 இரவு, தாளவாடி அருகே தொட்டகாஜனூர் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரைச் சந்தனமரக் கடத்தல்காரன் வீரப்பன் கடத்திச் சென்றான். பெங்களூரு கடைகளை அடைத்தது, பேருந்துகளை நிறுத்தியது. அவர் திரும்பி வரும்வரை 108 நாட்களை அந்த நகரம் ஒவ்வொன்றாக எண்ணியது. வீரப்பன் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தன்னைத் தேடிய போலீஸ் அதிரடிப்படையால் பாதிக்கப்பட்ட மலைக்கிராமத்து மக்களுக்கு இழப்பீடு வேண்டும் என்பது. அதைப் படித்தபோதுதான், அதே காட்டில் சீருடை அணிந்தவர்கள் அழைத்துப்போன மனிதர்களும் இருக்கிறார்கள் என்பது நகரவாசிகளில் பலருக்கு முதன்முதலாகத் தெரியவந்தது. அந்த மனிதர்கள் போன நாளை அவர்கள் வீட்டாரைத் தவிர யாரும் எண்ணவில்லை.

ஆளைக் கொண்டுபோன அரசே அவரைப் பிடிக்கவில்லை என்று மறுக்கும் இந்த வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய எழுத்துகளையும் தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. இந்தியாவில் இதற்கெனத் தனிக் குற்றப்பிரிவு கிடையாது. ஆகவே, காணாமல் ஆக்கப்பட்டவர் எப்போதும் வேறொரு தலைப்பின் கீழேயே பதிவாகிறார்: ஆட்கொணர்வு மனு, காவல்மரணம், மோதல்சாவு, அடையாளம் தெரியாத பிணம். எந்தத் தலைப்பிலும் அடங்காதவருக்கு ஆவணமே இல்லை.

நீதிமன்றங்களின் வரலாற்றைப் பெங்களூருவிலிருந்தே தொடங்கலாம். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட மறுநாள், 1975 ஜூன் 26 அன்று, நாடாளுமன்றக் குழுப் பணிக்காக இங்கே வந்திருந்த வாஜ்பாயும் அத்வானியும் கைதாகி மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களைப் போன்றோர் பல உயர் நீதிமன்றங்களில் தொடுத்த மனுக்களை ஒன்றாக விசாரித்த உச்ச நீதிமன்றம், ஜபல்பூர் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில் (1976 ஏப்ரல் 28), நெருக்கடிநிலையில் ஆட்கொணர்வு மனுவுக்கு இடமில்லை என்றது. பெரிய தலைவர்கள் எந்தச் சிறையில் இருக்கிறார்கள் என்பதாவது தெரிந்திருந்தது. அதே ஆண்டு மார்ச் 1 அன்று கோழிக்கோடு பொறியியல் கல்லூரி விடுதியிலிருந்து கேரளப் போலீஸ் கொண்டுபோன மாணவர் ராஜனைப் பற்றி அதுவும் தெரியவில்லை. நெருக்கடிநிலை விலகிய பிறகு, 1977இல், அவருடைய தந்தை ஈச்சரவாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜன் கொண்டுசெல்லப்பட்ட கக்கயம் போலீஸ் முகாமின் கதை வெளியே வந்தது. முதல்வர் கருணாகரன் பதவி விலகினார். உடல் மட்டும் கிடைக்கவில்லை. ஜபல்பூர் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாக நிராகரிக்க 2017 வரை ஆனது. நிராகரித்த அந்த அந்தரங்க உரிமை வழக்கின் மனுதாரர் கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்று பெங்களூருவில் வாழ்ந்தவர்.

இத்துறையில் மிக முக்கியமான தீர்ப்பு மணிப்பூரிலிருந்து வந்தது. 1982 மார்ச்சில் இரண்டு நாகா ஆண்களை ராணுவம் முகாமுக்குக் கொண்டுசென்றது. அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள் என்றது அரசு. செபாஸ்டியன் ஹோங்ரே தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இருவரும் இயற்கையல்லாத முறையில் இறந்திருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்து, ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாயை மனைவியருக்கு வழங்கும்படி 1984இல் ஆணையிட்டது. இதிலுள்ள நீதி எளிமையானது: கடைசியாக யார் பிடியில் இருந்தாரோ, அவர்தான் பதில் சொல்ல வேண்டும். குடும்பம் சாவை நிரூபிக்க வேண்டியதில்லை. நாற்பதாண்டுகள் கழிந்தும் இந்த நெறி சட்டப்பிரிவாக மாறவில்லை. காணாமல் ஆக்குதலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 2007 பிப்ரவரியில் கையெழுத்திட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இக்குற்றத்துக்கு இடமில்லை. எஞ்சியிருப்பது, ஏழாண்டு தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்னும் பழைய சாட்சியச் சட்ட விதிதான். அது சொத்துப் பிரிக்க உதவும். ஆளைத் தேட உதவாது.

இனி, வீரப்பன் நடமாடிய மாதேஸ்வரன் மலைப்பகுதிக்கு வரலாம். 1990களில் கர்நாடக, தமிழ்நாட்டு அதிரடிப்படைகளும், சில காலம் எல்லைப் பாதுகாப்புப் படையும் வீரப்பனைத் தேடின. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே நிலக்கண்ணிவெடியில் 22 பேர் இறந்த பின் கெடுபிடி கூடியது. கொளத்தூர், பர்கூர், தாளவாடி, ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்தாரை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். மாதேஸ்வரன் மலையில் சித்ரவதை நடந்த இடத்தை 'ஒர்க் ஷாப்' என்றே அழைத்தார்கள். போலீசுக்குத் துப்புச் சொன்னான் என்ற சந்தேகம் வந்தால் வீரப்பன் கொன்றான். வீரப்பனுக்கு அரிசி கொடுத்தான் என்ற சந்தேகம் வந்தால் அதிரடிப்படை தூக்கியது. பயங்கரவாதத் தடுப்புக்கான தடா சட்டத்தில் நூறு பேருக்கு மேல் மைசூருச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் 2001இல் குற்றமற்றவர்களென விடுவிக்கப்பட்டார்கள்.

அதிரடிப்படைகள் மீதான புகார்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நியமித்த குழுவில், கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஏ.ஜே. சதாசிவாவும், மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் சி.வி. நரசிம்மனும் இருந்தார்கள். இந்தப் பகுதியில் நடந்ததற்கு அரசு தரப்பிலிருந்து கிடைக்கும் ஆகப் பெரிய ஆவணம் அவர்களுடைய அறிக்கை. அதன் அடிப்படையில் 2007 ஜனவரியில் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் பரிந்துரைக்கப்பட்டது. 2012இல், அதிரடிப்படைக்குத் தலைமை வகித்தவரைக் கர்நாடகக் காவல்துறைத் தலைவராக நியமித்ததை எதிர்த்த வழக்கில் அதே அறிக்கை பெங்களூரு நீதிமன்றத்தில் மறுபடி பேசப்பட்டது. அதன் மதிப்பை மறுக்க முடியாது. ஆனால் அதன் அமைப்பே சிலரை வெளியே நிறுத்திவிட்டது. சித்ரவதைக்கு ஆளானவர் நேரில் வந்து தன் உடலைக் காட்டலாம். மோதலில் சுட்டதாகச் சொல்லப்பட்டவருக்கு ஒரு முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனையும் இருக்கும். ஜீப்பில் ஏற்றப்பட்டு, பிடிக்கவே இல்லை என்று மறுக்கப்பட்டவருக்குச் சாட்சி, ஏற்றப்படுவதைப் பார்த்த அண்டைவீட்டார் மட்டுமே. முகாம் இன்னும் ஊரில் இருக்கும்போது அவர் வாய்திறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது விசாரணை முறையின் குறை.

சாட்சி இல்லை என்ற இந்தப் பூட்டைப் பஞ்சாபில் திறந்தது ஒரு வங்கி ஊழியரின் கணக்குப் புத்தி. ஜஸ்வந்த் சிங் கால்ரா, காணாமல் போனவர்களைத் தேடுவதை விட்டு, சுடுகாடுகளின் பதிவேட்டைப் புரட்டினார். கேட்பாரற்ற பிணங்களுக்கு வாங்கப்பட்ட விறகைக் கணக்கிட்டார். 1995 செப்டம்பர் 6 அன்று அவரையே போலீஸ் தூக்கிச் சென்றது; பிறகு கொன்றது. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை அமிர்தசரஸ் மாவட்டத்தில் 2,097 சட்டவிரோதத் தகனங்களை உறுதிசெய்தது. காஷ்மீரில் பர்வீனா அகங்கர் 1994இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைத் திரட்டினார். 2011இல் மாநில மனித உரிமை ஆணையத்தின் விசாரணை, வட காஷ்மீரில் அடையாளமற்ற 2,156 உடல்களைப் பதிவுசெய்தது. இரண்டு இடத்திலும் அரசு ஏற்றது பிணங்களின் எண்ணிக்கையை. எந்தப் பிணம் எந்த வீட்டு மகன் என்பது பெரும்பாலும் எழுதப்படாமலே நின்றது.

சட்டத்தில் நம்மைவிட முன்னே போயிருப்பது இலங்கை. 2016இல் உடன்படிக்கையை ஏற்றது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குச் சட்டம் இயற்றியது. 2018இல் வலிந்து காணாமலாக்கலைக் குற்றமாக்கியது. இறந்ததாகச் சொல்லாமல் இல்லாமையை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழும் அங்கே உண்டு. ஆயினும் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் வீதிக்கு வந்த, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் அந்த அலுவலகத்தை நம்பிக் கலையவில்லை. 1998இல் ஒரு ராணுவ வீரர் நீதிமன்றத்தில் சொன்ன யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழிகளில் மறு ஆண்டு 15 உடல்கள் எடுக்கப்பட்டன. 2025இல் அதே செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பதில் சொல்லக் கடமைப்பட்டவரை வற்புறுத்தும் அதிகாரம் இல்லாவிட்டால் அலுவலகம் மனு வாங்கும் இடமாகவே இருந்துவிடும் என்பதே அந்தத் தாய்மார் சொல்லும் பாடம்.

இலக்கியத்தின் பங்கு சமமாக இல்லை. ராஜன் வழக்கின் சாயலில் ஷாஜி என். கருண் எடுத்த 'பிறவி' திரைப்படம் காத்திருக்கும் தந்தையை உலகுக்குக் காட்டியது; ஈச்சரவாரியரே மலையாளத்தில் தன் நினைவுகளை எழுதினார். வீரப்பன் ஒளிந்திருந்த சத்தியமங்கலம் காட்டைப் பொறுத்தவரை புத்தகம், படம், இணையத்தொடர் எல்லாம் பெரும்பாலும் வேட்டைக்காரனையும் வேட்டையாடப்பட்டவனையும் சுற்றியே வருகின்றன. அவற்றில் கிராமம் பின்னணித் திரை. மனித உரிமை வழக்கறிஞரான ச. பாலமுருகன் எழுதிய 'சோளகர் தொட்டி' (2004) அந்த மையத்தை மாற்றி, மலைப்பழங்குடியினரான சோளகர் வீட்டு வாசலில் நின்று அதிரடிப்படையைப் பார்த்தது. அதன் பின் வந்த தமிழ், கன்னட எழுத்தில் அந்த வாசலில் நின்றவர்கள் சொற்பம்.

2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டான். தேடல் முடிந்ததென அரசுகள் விருதும் நிலமும் வழங்கின. குடும்பங்களின் தேடல் அன்று முடியவில்லை. ஐ.நா. உடன்படிக்கையும் இக்குற்றத்தைத் தொடர்குற்றமாகவே பார்க்கிறது. ஆளின் கதி தெரியும்வரை காலவரம்பு ஓடத் தொடங்காது. ஆகவே இன்னொரு விசாரணைக்குக் காலம் கடந்துவிட்டது என்ற வாதம் நிற்காது. அந்த விசாரணை ஹோங்ரே நெறியில் தொடங்க வேண்டும்: ஊர் ஊராகப் போய் உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதற்கு முன், யாரை எந்த முகாமுக்குக் கொண்டுவந்தீர்கள், எப்போது, எங்கே விட்டீர்கள் என்று இரு மாநில அதிரடிப்படைகளும் ஆள்வாரியாக எழுதித் தரவேண்டும். எழுத முடியாத ஒவ்வொரு பெயரும் அரசின் பொறுப்பாகக் கொள்ளப்பட வேண்டும்.