வென்ற வீதியும் வீழ்ந்த வீதியும்

அரசன் அழுதால் அது காவியம். அண்டைவீட்டுக்காரன் அழுதால் அது வெறுங்கூச்சல்! மேலைநாட்டு ஆப்பரா மேடையிலே நெடுங்காலம் பெரிதும் நிலவிய நீதி இதுதான். விலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும், அம்மேடைக்கு ஒரு நகரத்தின் வீதிச் சண்டையே கதையாகி வருகிறதென்றால், பகுத்தறிவாளர் மகிழவேண்டிய செய்தியன்றோ? மகிழ்கிறோம். மகிழ்ச்சியோடு நின்றுவிடுவதற்கில்லை.

2022 அக்டோபரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலே முழுவடிவில் அரங்கேறியது, ‘எ மார்வலஸ் ஆர்டர்’ என்னும் இசைநாடகம். வியத்தகு ஒழுங்கு என்பது பொருள். இசை ஜட் கிரீன்ஸ்டைன். பாடல் கறுப்பினக் கவிஞர் டிரேசி ஸ்மித். கதை, நியூயார்க் நகரிலே நடந்த உண்மைப் போராட்டம். ஒருபுறம் ராபர்ட் மோசஸ்: மக்கள் வாக்குப் பெற்று ஒரு பதவிக்கும் வராமலே சாலையும் பாலமும் பூங்காவும் தம் கைக்குள் வைத்திருந்தவர். மறுபுறம் ஜேன் ஜேக்கப்ஸ்: கிரீன்விச் வில்லேஜ் பகுதியிலே வாழ்ந்த எழுத்தாளர். வாஷிங்டன் சதுக்கப் பூங்காவை ஊடுருவிச் சாலை போடுவேன் என்றார் மோசஸ். 1958-இல் மக்கள் தடுத்தனர். கீழ் மன்ஹாட்டனைக் குறுக்கே பிளந்து பத்துவழிச் சாலை என்றார். 1968-இல் ஜேக்கப்ஸ் கைதானார், 1969-இல் திட்டம் மாண்டது.

வீரக் கதைதான். ஆயினும் இருவரை எதிரெதிரே நிறுத்திப் பாடவைக்கும்போது ஓர் இடர் நேர்கிறது. தேவாசுரப் போர் பார்த்துப் பழகிய கண்கள் எந்நாட்டிலும் உண்டு. அசுரன் வீழ்ந்தான், ஆபத்து நீங்கிற்று என்றெண்ணி எழுந்து போய்விடுவர். வீடுகளை இடித்தது ஓர் ஆளின் ஆணவம் மட்டுமா?

வென்ற வீதியை விட்டு, வீழ்ந்த வீதிக்கு வருவோம். அதே நகரில் சான் வான் ஹில் என்றொரு பகுதி இருந்தது. கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தோரும் நெருங்கி வாழ்ந்த இடம். ஜாஸ் மேதை தெலோனியஸ் மங்க் வளர்ந்தது அங்கேதான். பியானோ மேதை ஜேம்ஸ் ஜான்சன் ஆட்டக்காரர்களுக்காக விரல் தேய வாசித்ததும் அங்கேதான். அக்காலக் கறுப்பினக் குடியிருப்புகளில் ‘வாடகை விருந்து’ என்றொரு வழக்கம் இருந்தது: மாத வாடகைக்குப் பணமில்லையா? வீட்டிலே ஒரு பியானோ, ஒரு கலைஞன், அண்டை அயலார்க்குச் சிறு கட்டணம். விடிவதற்குள் வாடகை சேர்ந்துவிடும்! இசை அங்கே ஆடம்பரமன்று. கூரையைக் காத்த கருவி.

அப்பகுதியைச் சேரி என்று முத்திரை குத்தினர். 1949-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், இத்தகைய நிலத்தை வாங்கி இடித்துக் குறைந்த விலைக்குக் கொடுப்பதால் நேரும் இழப்பிலே மூன்றில் இரு பங்கை நடுவணரசே ஏற்க வழிசெய்தது. மோசஸ் திட்டம் தீட்டினார். நகர ஆட்சிமன்றம் ஒப்பியது. குடியிருந்தோர் எதிர்த்து வழக்காடித் தோற்றனர். 1959-இல் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரே வந்து மண்வெட்டி பிடித்தார். எங்கே இதில் ஊழ்வினை? எங்கே ஒற்றை அசுரன்? 7,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களும் 800 கடை கண்ணிகளும் வெளியேறின. எழுந்தது எது தெரியுமா தோழர்களே? லிங்கன் சென்டர் என்னும் கலைமாளிகை! 1966-இல் அங்கே மெட்ரோபாலிட்டன் ஆப்பரா குடிபுகுந்தது. முதல் நாளன்று மேடையேறியவர்கள் ஆண்டனியும் கிளியோபாத்ராவும். ஏழைகளின் அடுப்பிருந்த மண்ணிலே எகிப்து ராணி பாடினாள்! 1883-இல் தொடங்கிய அந்நிறுவனம், கறுப்பினத்தவர் ஒருவர் இசையமைத்த ஆப்பராவை முதன்முதலாக மேடையேற்றியது 2021-இல்தான். 138 ஆண்டுகள் பிடித்தன.

2022 அக்டோபரிலேயே லிங்கன் சென்டர் தன் இசைமண்டபத்தை 55 கோடி டாலர் செலவிலே புதுப்பித்துத் திறந்தது. திறப்புக்கு அது கேட்டு வாங்கிய படைப்பு, டிரினிடாடில் பிறந்த எட்டியென் சார்ல்ஸின் ‘சான் வான் ஹில்’. ஆப்பரா அன்று, ஜாஸ் குழுவும் பேரிசைக் குழுவும், படக்காட்சியும், வாழ்ந்தோர் நினைவுகளும் சேர்ந்த இசைக்கோவை. வந்த விருந்தினரைப் புகழ்ந்து வாழ்த்துப்பா பாடாமல், அம்மண்டபத்தின் அடித்தளத்துக் கதையை அம்மண்டபத்திலேயே முழக்கிய துணிவைப் பாராட்டுகிறோம். இடித்தவர் மாளிகையே கூலி கொடுத்துக் கேட்ட ஒப்பாரி என்று கேலி பேசுவோர் உளர். கேலியில் ஒரு பகுதி உண்மை. வீடிழந்தோர்க்கு ஒரு பாட்டு வீடாகாது. எனினும், கூடியிருந்தோர் முன் கணக்கேட்டைத் திறந்து வைத்தது அப்படைப்பு. தெரு வரலாறு மேடைக்கு வருவது அதற்காகத்தான்.

இரண்டிலே எதை முதலில் கேட்பது என்று இளைஞர் வினவின், ‘சான் வான் ஹில்’ என்போம். இசைநாடகத்தையும் விட்டுவிடவேண்டாம், அதிலே மோசஸ் பாடும்போது, அவரோடு கையொப்பமிட்டவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள்.