எண்ணும் விளையாட்டும்

ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பஹா மாவட்டத்திலேயே முதன்முதல் பரீட்சிக்கப்பட்டது. ஹெந்தளை அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. முதலிரு வகுப்புகளில் விளையாட்டுக்கே அது முதன்மை வழங்கிற்று. இன்று அவ்விடத்தில் கைத்தொலைபேசிக் கணித விளையாட்டுகள் வந்துள்ளன. அவற்றுட் பல, சரியான விடைக்கு நட்சத்திரம் வழங்கும் வேடமிட்ட பரீட்சைகளே. கூட்டலுக்குப் பதிலாக எழுத்துப்பிழை திருத்தத்தை இட்டாலும் அவை மாற்றமின்றி நடக்கும். பல்லாங்குழியோ (சிங்கள அயலாரின் ஒலிந்த கெளிய அதன் உறவே) அவ்வாறன்று. 14 குழிகளுள் எதனை அள்ளினால் கடைசி முத்து எங்கு விழும் என்பதைப் பிள்ளை முன்னரே கணித்தாக வேண்டும். அங்கு எண்ணே ஆட்டம். மென்பொருள் ஆக்குவோர் நோக்கவேண்டியது இவ்வமைப்பையே. ஆயினும், ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலை எண்ணிக் கலங்கும் பெற்றோர் நட்சத்திரத்தையே நாடுகின்றனர். அதிற் புள்ளி உடனே தெரிகிறதல்லவா?